ஐந்தாவது குறுக்குக் குழாய்

ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் எதிர்ச் சங்கத்தின் பெயர் கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தது. இந்தச் சங்கத்தின் தலைவர் ஜகந்நாதன் முதலில் கைகூப்பிக் கும்பிட்டார். பிறகு, தான் கொண்டுவந்த ரோஜா மாலையைப் பிரம்மநாயகத்தின் கால்மாட்டில் வைக்காமல் சுற்றி வந்து, அந்தப் பெயருக்கு நேராக வைத்தார். மாலை வழுக்கியது. மறுபடி இழுத்து வைத்தார். 'உபயம்' என்பது மட்டும் வெளியே தெரிந்தது. யாருடைய உபயம் என்பது ரோஜாவுக்குள் போய்விட்டது. அதன் பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது.

பெட்டிக்குள் கிடந்த பிரம்மநாயகம் இதைக் கண்டுகொள்ளவில்லை. உயிரோடு இருந்தபோதும் அவர் ஜகந்நாதனைப் பெரிதாகக் கண்டுகொண்டதில்லை. விடியற்காலையில் ஒன்றுக்கிருக்க மோரிக்குப் போய்விட்டு வந்து மறுபடி படுத்தவர், டீக்கு எழுப்பியபோது எழவில்லை. மாட்டுங்கா லேபர் கேம்ப்பின் அந்தக் கல்லிச் சந்தில் வாழ்நாள் முழுக்கக் கிரைண்டரும் வெல்டிங்குமாக இருந்த மனிதர் சத்தமில்லாமல் செய்து முடித்த ஒரே வேலை அதுதான்.

ஜகந்நாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாரிசெல்வியிடம் குனிந்தார்.

"ஏம்மா செல்வி, பல்லக்கு முடிஞ்சிட்டுல்லா?"

மாரிசெல்வி உடனே பதில் சொல்லவில்லை. சாவு வீட்டில் மகள் எந்தக் கேள்விக்கும் தாமதமாகப் பதில் சொல்லலாம். துக்கம் என்று எடுத்துக்கொள்வார்கள். அவள் தாமதித்தது துக்கத்தினால் அல்ல.

"நாலு குறுக்கு வச்சாச்சு மாமா. இன்னும் ஒண்ணு பாக்கி."

"அப்பம் அதையும் வச்சிரு. சாயந்திரம் அதுலதான் அண்ணாச்சிய எடுக்கோம். குரூப்ல போட்டாச்சு."

குரூப்பில் போட்டாச்சு என்றால் போட்டாச்சுதான். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

"தம்பி மூங்கில் சொல்லியிருக்கானே மாமா."

"மூங்கிலா? நல்லாச் சொன்னே போ. தான் செஞ்ச பல்லக்குல தானே போற பாக்கியம் எவனுக்கும்மா கெடைக்கும்? ராஜா மகராஜனுக்குக்கூடக் கெடைச்சதில்ல."

ராஜா மகராஜன் யாரும் வெல்டிங் கடை வைத்திருக்கவில்லை என்பதை மாரிசெல்வி சொல்லவில்லை. நெருளிலிருந்து காலையில் வந்து இறங்கியிருந்த தம்பி பேச்சிராஜா, கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "அக்கா, அங்கிள் சொல்றது கரெக்ட். ஒரு மாதிரி சிம்பாலிக்கா இருக்கும்ல" என்றான். ஏதோ கம்பெனியில் லாரிகளை எந்த ஊருக்கு அனுப்புவது என்று பார்க்கும் மேனேஜர் அவன். மூங்கிலை ஃபோனிலேயே ரத்து செய்தான்.

பல்லக்கு என்பது வேறொன்றுமில்லை, பாடைதான். ஆனால் அந்தச் சொல்லைச் சங்கத்தில் சொல்லக் கூடாது.

இரண்டு வருஷத்துக்கு முன் எதிர்ச் சங்கத்தார் ஐஸ் பெட்டி வாங்கிவிட்டார்கள். அன்றிலிருந்து கேம்ப்பில் யார் செத்தாலும், செத்தவர் ஜகந்நாதன் கட்சியே ஆனாலும், கடைசி ஒரு நாள் எதிராளியின் பெயருக்குக் கீழேதான் படுக்க வேண்டியிருந்தது. இந்த அவமானத்துக்குப் பதில் தேடி ஜகந்நாதனின் சங்கம் பலமுறை கூடியது. ஆம்புலன்ஸ் என்றார் ஒருவர். அவர் சந்தாவே கட்டாதவர். கடைசியில், மூங்கிலுக்கு அலைய வேண்டாம், ஒவ்வொரு சாவுக்கும் புதிதாகக் கட்ட வேண்டாம், இரும்புக் குழாயில் நிரந்தரமாக ஒன்று செய்துவிடலாம் என்று முடிவாயிற்று. பெயர் வைப்பதற்குத் தனியாகக் கூடினார்கள். 'இறுதி யாத்திரை ஊர்தி' என்பதைச் சக்கரம் இல்லாத காரணத்தால் தள்ளினார்கள். 'அமரர் பல்லக்கு' ஏகமனதாக நிறைவேறியது. கால்மாட்டில் மாட்டுவதற்குத் தலைவர் பெயர் பொறித்த பித்தளைத் தகடு, குழாய் வாங்குவதற்கு முன்பே தயாராகிவிட்டது.

திறப்பு விழாவில்தான் சிக்கல். ரிப்பன் வெட்டலாம், தேங்காய் உடைக்கலாம். ஆனால் பல்லக்கைத் திறப்பதென்றால் யாராவது ஏற வேண்டும். இதற்கு உறுப்பினர்கள் யாரும் முன்வரவில்லை. தலைவரே முன்னுதாரணமாக இருக்கலாமே என்று ஒருவர் மெல்லச் சொல்லிப் பார்த்தார். அன்றைக்குக் கூட்டம் சீக்கிரம் முடிந்தது.

வேலை பிரம்மநாயகத்திடம் வந்தது. இப்போது ஆளாகவும் அவரே வந்துவிட்டார். ஜகந்நாதனின் துக்கத்தில் ஓர் ஓரமாக நிம்மதி தெரிந்ததென்றால் அவரைக் குறை சொல்ல முடியாது.

தோளில் ஏறும் இரண்டு நீளக் குழாய். அவற்றை இணைக்க நடுவில் ஐந்து குறுக்குக் குழாய். தரையில் நிற்க நாலு குட்டைக் கால். பார்த்தால் ஏணி மாதிரி, எளிய சமாச்சாரம். ஆனால் உருண்டையான குழாய் இன்னொரு உருண்டையான குழாயில் போய் நேராக முட்டினால் பொட்டு அளவுதான் ஒட்டும். அதனால் குறுக்குக் குழாயின் நுனியைப் பிறை மாதிரி குடைந்தெடுக்க வேண்டும். குடைந்த நுனி மற்றதைக் கவ்விக்கொண்டு உட்காரும். பிரம்மநாயகம் கடையில் இதற்கு வாய் வெட்டுவது என்று பேர். இரண்டு சாய்வு வெட்டு, பிறகு அரைவட்ட அரத்தால் ராவி எடுப்பது. ஒரு வாய் எவனும் வெட்டுவான். குழாயின் இரண்டு நுனியிலும் வாய்கள் ஒரே பக்கம் பார்த்து நிற்க வேண்டும், அங்கேதான் ஆள் தெரியும். முதல் வாய்க்கும் இரண்டாவது வாய்க்கும் நடுவே குழாய் கொஞ்சம் உருண்டுவிட்டால் ஒன்று கிழக்கே பார்க்கும், மற்றது தாராவியைப் பார்க்கும். அதை அமுக்கிப் பிடித்து வெல்டிங் வைத்துவிடலாம்தான். சட்டம் முறுக்கிக்கொள்ளும், தரையில் வைத்தால் ஒரு கால் தூக்கிக்கொண்டு ஆடும்.

முந்தாநாள் பிரம்மநாயகம் வெட்டிய ஐந்தாவது குறுக்கு அப்படித்தான் உருண்டு போயிருந்தது.

இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷனுக்குச் சம்மதிக்கவில்லை. குழாயைக் கோண இரும்பில் கிடத்தி நீளவாக்கில் ஒரு கோடு இழுத்துக்கொண்டால் இந்தத் தவறு வராது. "கோடு எதுக்குட்டி, கண்ணு இருக்குல்லா" என்பார். இருந்த கண் அது. வெட்டி முடித்து, ஒரு நுனியை மட்டும் பொருத்திப் பார்த்துவிட்டு, "பாத்தியா" என்று மகளிடம் நீட்டினார். மாரிசெல்வி பார்த்தாள். பார்த்துவிட்டு, "வச்சிருங்கப்பா, பொறவு வெல்டிங் பிடிப்பு வைக்கலாம்" என்றாள். இப்படி அவர் வெட்டியதை அவர் டீக்குப் போன நேரத்தில் ஓரமாகப் போட்டுவிட்டு, புதிதாக வெட்டி அதே இடத்தில் வைப்பது போன மழைக்காலத்திலிருந்து அவளுக்கு வழக்கமாகிவிட்டது. ஒரு தடவை நேராகச் சொல்லிப் பார்த்திருந்தாள். அன்றைக்கு முழுக்க அவர் ஸ்டூலில் உட்கார்ந்து தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிட வரவில்லை. அதன் பிறகு அவள் சொல்லவில்லை.

காட்கோபருக்குக் கட்டிக்கொடுத்து, இரண்டு வருஷத்தில் அவள் திரும்பி வந்தபோது அவரும் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் அரத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தார், அவ்வளவுதான்.

ஆடுகிற ஸ்டூலில் உட்கார மாட்டார் மனிதர். ஓட்டலில் டேபிள் ஆடினால் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் குனிந்து காலுக்குக் காகிதம் மடித்து வைப்பார். அவரைக் கோணல் சட்டத்தில் கிடத்தித் தூக்கினால், முன்தோளுக்கும் பின்தோளுக்கும் எட்டாமல் சரிந்துகொண்டே கல்லி முனையில் நிற்கும் சயான் சுடுகாட்டு வேன் வரைக்கும் போக வேண்டும். ஊரே பின்னால் வரும். பிரம்மநாயகம் கடைசியாக வெட்டியது இதுதானா என்று சட்டத்தைப் பார்க்கத் தெரிந்தவர்களும் அதில் நாலு பேர் இருப்பார்கள்.

மாரிசெல்வி எழுந்தாள்.

"எங்கட்டி போறே?" என்றாள் அப்பாவின் அக்கா. ஒப்பாரியை நடுவில் நிறுத்திவிட்டுத்தான் கேட்டாள்.

"கடைக்கு, அத்தை."

"இன்னைக்குமா? அப்பன் இங்கன கெடக்கான், ஒனக்குக் கடையா?"

"பல்லக்கு வேலை பாக்கி இருக்கு."

"என்னது பாக்கி?"

"பாடை, அத்தை."

"அப்படிச் சொல்லு" என்று அத்தை விட்ட இடத்திலிருந்து ஒப்பாரியைத் தொடர்ந்தாள்.

கடை நாலு வீடு தள்ளி. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே சட்டம் இரண்டு ஸ்டாண்டின் மேல் கிடந்தது. குறுக்குக் குழாய்கள் தலைப்பக்கம் இரண்டு, கால்பக்கம் இரண்டு. நடுவில், இடுப்பு வரும் இடத்தில், வெறும் இடைவெளி. மேஜையில் அப்பாவின் ஐந்தாவது குழாய்.

வேறு குழாய் இல்லை. ஜகந்நாதன் தானே ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் போய்ப் பேரம் பேசி, ஒரு சாண்கூட மிஞ்சாத அளவில் வாங்கித் தந்திருந்தார். சங்கத்துப் பணத்தில் விரயம் கூடாது என்பது அவர் கொள்கை. ரோட்டில் போய்ப் புதிதாக வாங்கலாம் என்றால், பிரம்மநாயகம் அண்ணாச்சியின் மறைவை முன்னிட்டு இரும்புக் கடைகள் அனைத்தும் அடைக்கப்படும் என்று காலையில் குரூப்பில் போட்டவரும் ஜகந்நாதன்தான். முதல்முறையாக எல்லாரும் அவர் பேச்சைக் கேட்டிருந்தார்கள். ஓர் ஆணி வாங்க முடியாது.

மாரிசெல்வி கழிவுத் துண்டுகளைக் கிளறினாள். கோண இரும்பு, பட்டை, முக்கால் இஞ்சுக் குழாய். சட்டத்துக்கு வேண்டிய ஒரு இஞ்சில் ஒன்றுமில்லை.

ஒரு இஞ்சுக் குழாய் எங்கே இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். ஏற்கெனவே தெரியும். அதனால்தான் மற்ற இடத்தில் தேடினாள்.

அவர்கள் குடியிருந்தது மேல் அறையில். கல்லியிலிருந்து செங்குத்தாக ஏறும் இரும்புப் படி. கடைசிப் படிக்கும் வாசலுக்கும் நடுவில் முழங்கால் உயரம். அம்மா கோமதியம்மாளுக்கு முழங்கால்தான் வராது. போன மழையில் ஒருநாள் அவள் வழுக்கி இரண்டு படி இறங்கி உட்கார்ந்ததும், அன்றைக்கே பிரம்மநாயகம் வாசலோரம் ஒரு கைப்பிடி வைத்தார். ஒரு இஞ்சுக் குழாய், மிச்சம் கிடந்த பச்சைப் பெயின்ட். நடுவில் பெயின்ட் போய், அம்மாவின் உள்ளங்கை அளவுக்கு இரும்பு பளபளத்துக்கொண்டிருந்தது.

மாரிசெல்வி ரம்பத்தை முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். படியடியில்தான் ஐஸ் பெட்டி, சுற்றிலும் பெண்கள். மறைத்துச் செய்கிற காரியமில்லை. ஏறி, மேல்படியில் உட்கார்ந்து, கைப்பிடியின் ஒரு நுனியில் பிளேடை வைத்தாள். ஒப்பாரி ஒரு கணம் தடுமாறி நின்றது.

"ஏட்டி, என்ன செய்யுதே அங்க?"

"பாடை திரும்பும்போது இடிக்கும் அத்தை. அதான் எடுத்துருதேன்."

கைப்பிடி தலைக்கு மேலே இருந்தது. பாடை அதில் இடிக்க வேண்டுமென்றால் பறந்துதான் வர வேண்டும். ஆனால் ஜகந்நாதன் அண்ணாந்து பார்த்து, ஒரு கண்ணை மூடி அளவெடுத்துத் தலையை ஆட்டினார்.

"ஆமாமா, இடிக்கும். நானே சொல்லணும்னு இருந்தேன்."

அப்புறம் யாரும் கேட்கவில்லை. பிளேடு போய் வந்தது. கீழே அம்மா மட்டும் பெட்டியிலிருந்து தலையைத் திருப்பி மேலே பார்த்தாள். கைப்பிடியைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், பிறகு பழையபடி கண்ணாடிக்குள் கிடந்தவர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கடையில் கிரைண்டரைத் தொட முடியாது. சாவு வீட்டுக்காரன் கடையிலிருந்து கிரைண்டர் சத்தம் வந்தால் ஜென்மத்துக்கும் சொல்லிக் காட்டுவார்கள். ரம்பமும் அரமும்தான். அவள் குழாயைக் கோண இரும்பில் கிடத்தி, ஆணியால் பச்சைப் பெயின்ட்டின் மேல் நீளமாக ஒரு கோடு இழுத்தாள். வைஸில் மாட்டினாள். கோடு உச்சியில் நிற்கிறதா என்று பார்த்து இறுக்கினாள். இரண்டு சாய்வு வெட்டு. பிறகு அரம்.

வெளியே கைமைக் உயிர்பெற்றது. பஜனை மண்டலியிடமிருந்து வாங்கி வந்தது. முதலில் அதிலிருந்து அரை வரி பாட்டு வந்தது, யாரோ அமுக்கினார்கள். இரங்கல் கூட்டம் தொடங்கிவிட்டது.

"அண்ணாச்சியப் பத்திச் சொல்லணும்னா," என்றது ஜகந்நாதனின் குரல், "அளவு அவர்கிட்ட வந்து கைகட்டி நிக்கும். அவர் வெட்டுன வாயில ஒரு மயிரிழை போகாது. டேப்பு வச்சு அவர் அளந்து நான் பாத்ததே இல்ல. அந்தக் கண்ணு… அந்தக் கண்ணு இனிமே யாருக்கு வரும்?"

மாரிசெல்வி தான் வெட்டிய வாயில், கைப்பிடியிலிருந்து மிஞ்சிய துண்டை வைத்து ஷட்டருக்கு அடியில் வந்த வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். ஓரத்தில் நூல்போல வெளிச்சம் தெரிந்தது. மறுபடி அரம்.

ஷட்டரைத் தூக்காமல் குனிந்து வந்தான் ஷகீல். பக்கத்துக் கடைக்காரன், மேலப்பாளையத்தான். ஒரே கல்லியில் இரண்டு வெல்டிங் கடை என்றால் விரோதம்தான் வர வேண்டும். வந்தது, பிறகு பழகிவிட்டது.

"அரச் சத்தம் கேட்டுச்சு. ஒங்க அப்பாதான் எந்திச்சு வந்துட்டாவளோன்னு பாத்தேன்."

"அவிய வந்தா கிரைண்டர்லா ஓடும்."

"அது சரி." அவன் சட்டத்தைச் சுற்றி வந்தான். மேஜையில் கிடந்த ஐந்தாவது குழாயை எடுத்து, ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் பார்த்தான். இந்தத் தொழிலில் இருப்பவனுக்கு ஒரு பார்வை போதும்.

"இது யாரு வெட்டுனது?"

"நான்தான்."

ஷகீல் வைஸில் இருந்த குழாயைப் பார்த்தான். அதன் மேல் ஆணியால் இழுத்த நேர்கோட்டைப் பார்த்தான்.

"நீயா?"

"ஆமா. உருண்டுட்டு."

"உருளும், உருளும்" என்றான் ஷகீல். குழாயை எடுத்த இடத்திலேயே, எடுத்த மாதிரியே திரும்ப வைத்தான். "நீ அரம் போடு. பிடிப்பு நான் வைக்கேன். ஒனக்கு இன்னைக்குக் கை நடுங்கும்."

"நடுங்கல."

"நடுங்கலன்னாலும் நான் வைக்கேன். பாய் சும்மா வந்து நின்னுட்டுப் போனான்னு இருக்க வேண்டாம்."

இரண்டாவது வாயும் முடிந்தது. ஓரத்துப் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டுக் குழாயை இடைவெளியில் இறக்கினார்கள். இரண்டு பக்கமும் கவ்விக்கொண்டது. ஷகீல் ஷட்டரை முழுக்க இறக்கிவிட்டு வெல்டிங் ராடைத் தொட்டான். அடியிடுக்கு வழியாக நீல வெளிச்சம் கல்லிக்குப் போயிருக்கும். யாரும் வந்து கேட்கவில்லை. கைமைக்கில் பேச்சிராஜா, "மை ஃபாதர் வாஸ்… அதாவது, எங்க அப்பா…" என்று தொடங்கி, எழுதிக் கொடுத்த தமிழ்க் காகிதத்தைப் படிக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தான். அழுகிறான் என்று நினைத்துப் பெண்கள் அழுதார்கள்.

சட்டத்தைத் தரையில் இறக்கினார்கள். மாரிசெல்வி செருப்பைக் கழற்றிவிட்டு, அப்பா செய்வதுபோலவே பெருவிரலால் ஒவ்வொரு மூலையாக அழுத்தினாள். தலைப்பக்கம் இடது. வலது. கால்பக்கம் இடது. வலது.

ஆடவில்லை.

"பச்சையாத் தெரியுதே" என்றான் ஷகீல்.

"மேல பாய விரிச்சுருவாவ. தெரியாது."

நீர்மாலைக்குச் சங்கு ஊதிவிட்டார்கள். அவள் ஓடி வந்து குடத்தைத் தூக்கினாள். முனிசிபாலிட்டிக் குழாயில் காலையோடு தண்ணீர் நின்றுவிடும்; அதனால் நாலு பேர் வேட்டியை விதானமாகப் பிடிக்க, ஊர்வலம் வீட்டிலிருந்து கிளம்பிக் கல்லி முனையில் இருந்த நீல டிரம் வரை போய், நீர் மொண்டு, அதே மரியாதையோடு திரும்பியது. பிரம்மநாயகத்தைக் குளிப்பாட்டினார்கள். கோடி வேட்டி கட்டினார்கள்.

பல்லக்கு வந்தது. ஜகந்நாதன் கேட்டுக்கொண்டதன் பேரில் இரண்டு நீளக் குழாய்களுக்கும் குறுக்கே ரிப்பன் கட்டியிருந்தது. சிவப்பு கூடாது என்று பெரியவர்கள் சொன்னதால் வெள்ளை. அவர் கத்தரிக்கோலை எடுத்து, இரண்டு பக்கமும் பார்த்தார். யாராவது கைதட்டிவிடுவார்களோ என்ற பயமும், தட்ட மாட்டார்களோ என்ற பயமும் அவர் முகத்தில் சேர்ந்தே தெரிந்தன. வெட்டினார். யாரும் தட்டவில்லை. ஒரு பையன் ஃபோனில் படம் எடுத்தான். அதில் ஜகந்நாதன் கண்ணை மூடிக்கொண்டிருந்தார் என்று பிற்பாடு தெரிந்தது.

பாயை விரித்துப் பிரம்மநாயகத்தைக் கிடத்தினார்கள். நடுக்குறுக்கு அவர் இடுப்புக்குக் கீழே மறைந்தது. அம்மா வாய்க்கரிசி போட்டாள். மாரிசெல்வி போட்டாள். விரல் அப்பாவின் உதட்டில் பட்டது. ஐஸ் பெட்டியின் குளிர் இன்னும் போகவில்லை.

நாலு பேர் தோள் கொடுத்தார்கள். தூக்கும்போது அவள் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் தோளின் இரண்டு பக்கமும் நீளக் குழாய்கள் எந்த மட்டத்தில் போகின்றன என்று பார்த்தாள். மட்டமாகத்தான் போயின. கால்மாட்டுப் பக்கம் தோள் கொடுத்த பேச்சிராஜாவுக்கு இரும்பு உறுத்தியது. ஈரத்துண்டைக் குழாயின் மேல் நாலாக மடித்துப் போட்டுக்கொண்டான். துண்டு தொங்கி, பித்தளைத் தகட்டை முழுசாக மூடியது. பின்னால் வந்த ஜகந்நாதன் ஒரு முறை அதை மெல்ல விலக்கினார். பேச்சிராஜா திரும்பிப் பார்க்காமலே மறுபடி இழுத்துக்கொண்டான். கொள்ளி போடப் போகிறவன் துண்டை எத்தனை முறை விலக்க முடியும்? தலைவர் ஊர்வலத்தோடு நடந்தார்.

கல்லி முனையில் பெண்கள் நின்றார்கள். அதற்கு மேல் அவர்களுக்கு வழி கிடையாது. வேனின் பின்கதவு திறந்து, சட்டம் உள்ளே சறுக்கிப் போகிற சத்தம் கேட்டது. இரும்பு இரும்பில் உரசும் சத்தம். வேன் போன பிறகு பெண்கள் தலைமுழுக வரிசையில் நின்றார்கள். டிரம்மில் தண்ணீர் குறைவு. ஆளுக்கு இரண்டு செம்பு.

பொழுது சாயும்போது ஆண்கள் ஈர வேட்டியோடு, காலிப் பல்லக்கைத் தூக்கிக்கொண்டு திரும்பினார்கள். வீடு கழுவியாகிவிட்டது. கீழே விளக்கேற்றி வைத்திருந்தது. ஜகந்நாதன் குரூப்பில் பதினோரு படம் போட்டார். பல்லக்கின் கால்மாடு தெரியும் படம் ஒன்றுகூடத் தேறவில்லை. ஐஸ் பெட்டியை எடுத்துப்போக எதிர்ச் சங்கத்து ஆட்கள் வந்து, பல்லக்கை ஒரு சுற்று சுற்றிப் பார்த்து, அசைத்துப் பார்த்து, "ஸ்ட்ராங்காத்தான் இருக்கு" என்று ஒப்புக்கொண்டு போனார்கள். பேச்சிராஜா பெரிய லாரி ஒன்று எங்கோ நின்றுபோனதைப் பற்றி ஃபோனில் இந்தியில் கத்திக்கொண்டிருந்தான்.

"நான் கொஞ்சம் மேல போயிச் சேலை மாத்துதேன்" என்று அம்மா எழுந்தாள்.

மாரிசெல்வி படியடியில் நின்றாள். கோமதியம்மாள் ஒவ்வொரு படியாக ஏறினாள். கடைசிப் படிக்கு வந்ததும் அவளுடைய வலது கை தானாக உயர்ந்து வாசலோரம் போயிற்று. அங்கே ஒன்றுமில்லை. ரம்பம் விட்டுப்போன மொட்டை நுனியில் விரல் பட்டது. கை அப்படியே நின்றது. பிறகு இறங்கியது. அம்மா அந்தப் படியிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"இரும்மா. வாரேன்."

கடையில் விளக்குப் போடவில்லை. மேஜையில் ஐந்தாவது குழாய் எங்கே கிடக்கிறது என்று தெரியும். கட்டுக்கம்பிச் சுருளையும் குறடையும் எடுத்துக்கொண்டாள்.

படிக்கு ஓரமாக ஓடும் சாய்வுக் குழாயும் ஒரு இஞ்சுதான். அவள் ஐந்தாவது குழாயை நெட்டுக்குத்தாக அதன் மேல் நிறுத்தினாள். கீழ் வாய் கவ்விக்கொண்டு உட்கார்ந்தது. நடுவை வாசலோர ஜன்னல் கம்பியோடு சேர்த்துக் கட்டுக்கம்பியால் சுற்றினாள். மேல் வாய் வாசலைப் பார்க்காமல் எதிர்வீட்டுப் பக்கம் திரும்பி நின்றது.

அம்மா உட்கார்ந்தபடியே அந்த மேல்நுனியை விரலால் தடவினாள்.

"இதானா அது?"

"எது?"

"நேத்து ராத்திரி ஒங்கப்பா சொன்னாவ. ஒண்ணு கோணிப் போச்சு, செல்வி மாத்தி வச்சிருவான்னு."

எங்கோ நின்றுபோன பேச்சிராஜாவின் லாரி கிளம்பிவிட்டது போலிருக்கிறது. அவன் குரல் தணிந்திருந்தது. மாரிசெல்வி குறடால் கம்பியின் இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்தாள்.

"வேற என்ன சொன்னாவ?"

"வேற என்ன. கொட்டாவி விட்டாவ. படுத்துட்டாவ."

அம்மா குழாயைப் பிடித்து, எழாமலே ஒரு முறை இழுத்துப் பார்த்தாள்.

"ஆடுதா?"

"கொஞ்சம் ஆடும்" என்று மாரிசெல்வி கம்பியை இன்னும் ஒரு முறுக்கு முறுக்கினாள். "புடிச்சு ஏறு."